மோனேயின் அல்லிக்குளமும் கண்புரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பிரெஞ்சு ஓவியர் கிளோத் மோனேயின் அல்லிக்குள ஓவியங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுவார்: "அவருக்குக் கண்ணில் புரை. அதனால்தான் எல்லாம் மங்கலாக இருக்கிறது." வசதியான விளக்கம்தான், பாதி உண்மையும்கூட. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பவர்கள்தான் குறைவு. மருத்துவரின் பரிசோதனைக் குறிப்பு, நோயாளியின் கடிதங்கள், அவர் வரைந்த படங்கள் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாய்ப்புள்ள ஓவியர்கள் வெகு சிலர். மோனே அவர்களில் ஒருவர்.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புரை அவருடைய சில கேன்வாஸ்களின் நிறத்தைப் பாதித்தது, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கரையும் அடிவானமும் இல்லாமல் வெறும் தண்ணீரும் பூவும் வானத்தின் நிழலுமாக விரியும் அந்தத் தோற்றத்துக்கும் புரைக்கும் சம்பந்தம் இல்லை. அது புரைக்கு முன்பே வந்துவிட்டது.

குளம்

பாரிஸுக்கு வடமேற்கே நார்மண்டிப் பகுதியில் இருக்கும் ஜிவெர்னி கிராமத்துக்கு மோனே 1883-ல் குடிவந்தார். வாடகைக்கு இருந்த வீட்டை 1890-ல் விலைக்கு வாங்கினார். 1893-ல், வீட்டுத் தோட்டத்தைத் தாண்டிப் போகும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஈர நிலத்தையும் வாங்கி, எப்ட் ஆற்றின் சின்னக் கிளையிலிருந்து தண்ணீர் திருப்பிக் குளம் வெட்ட அனுமதி கேட்டார். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். வெளிநாட்டுச் செடிகளைக் கொண்டுவந்து போட்டால் தண்ணீர் கெட்டுப்போகும், கீழே துணி துவைக்கிறவர்களும் மாடு குடிக்க விடுகிறவர்களும் என்ன செய்வது என்பது அவர்கள் கேள்வி. கடைசியில் அனுமதி கிடைத்தது.

செடிகளின் கதையும் இந்த ஆய்வுக்கு முக்கியம், ஏனென்றால் நம் விவகாரமே நிறத்தைப் பற்றியது. ஐரோப்பாவின் குளிரைத் தாங்கும் நாட்டு அல்லி வெள்ளை மட்டுமே. ஜோசப் லத்தூர்-மர்லியாக் என்ற பிரெஞ்சுக்காரர் அதை வேறு நாட்டு இனங்களோடு கலப்பினம் செய்து மஞ்சள், இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு அல்லிகளை உருவாக்கி, 1889-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்தார். ஈஃபில் கோபுரம் திறக்கப்பட்ட அதே கண்காட்சி. மோனே தன் குளத்துக்கு அல்லிகள் வாங்கியது அவருடைய பண்ணையிலிருந்துதான். ஆக, ஓவியத்தில் தெரியும் சிவப்பையும் மஞ்சளையும் பார்த்தவுடன் கண்ணின் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. அந்த நிறப் பூக்கள் நிஜமாகவே குளத்தில் மிதந்தன.

குளத்தைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு தோட்டக்காரர் இருந்தார். படகில் போய்ப் பாசியை அள்ளுவது, வாடிய இலையைக் கிள்ளுவது, இலைமேல் படிந்த புழுதியைக் கழுவிவிடுவது அவர் வேலை. அல்லிகளைக் கண்டபடி பரவ விடாமல் திட்டுத் திட்டாக வெட்டி வைப்பார்கள். இடையில் தண்ணீர் திறந்து கிடந்தால்தானே வானமும் மேகமும் அதில் விழும்? மோனேக்கு வேண்டியிருந்தது அந்த இடைவெளிதான். பூவைவிடத் தண்ணீரைத்தான் அவர் அதிகம் வரைந்தார் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

புரைக்கு முந்தைய கண்

எந்த நோய்க்கும், அது வருவதற்கு முன் ஆள் எப்படி இருந்தார் என்று தெரியவேண்டும். லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் 1899-ம் ஆண்டு அல்லிக்குளம் அதற்கு நல்ல ஆதாரம். வளைந்த ஜப்பானிய மரப்பாலம் படத்தின் குறுக்கே போகிறது. கீழே அல்லித் திட்டுகள் வரிசையாகப் பின்வாங்கிப் போகின்றன. கரையில் நாணல், பின்னால் மரங்கள். எது எங்கே இருக்கிறது என்று குழந்தைகூடக் காட்டிவிடும்.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் மோனேயின் பார்வை கீழே இறங்குகிறது. முதலில் பாலம் போகிறது, அப்புறம் தூரத்து மரங்கள், கடைசியாகக் கரை. 1907-ல் வரைந்த செங்குத்தான கேன்வாஸ்களில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் இல்லை. இருபுறமும் மரங்களின் தலைகீழ் நிழல், நடுவில் மேலிருந்து கீழாக வழியும் வானத்தின் வெளிச்சம். சிலவற்றில் அந்த வெளிச்சம் அந்திநேரத்து ஆரஞ்சிலும் சிவப்பிலும் எரிகிறது. 1909 மே மாதம் பாரிஸில் துரான்-ரூவேல் காலரியில் இந்த வரிசையில் 48 ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அடிவானம் இல்லாத, எது மேல் எது கீழ் என்று தடுமாற வைக்கும் அந்த அமைப்பு அப்போதே முழுதாக வந்துவிட்டது. அவர் கண்ணில் புரை இருப்பதை மருத்துவர்கள் சொன்னது 1912-ல். தேதிகளை வரிசையாக வைத்தாலே "புரைதான் அவரை அரூப ஓவியர் ஆக்கியது" என்ற கதை நிற்காமல் போகிறது.

பத்தாண்டுத் தள்ளிப்போடல்

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் அதிகம். அறுவை சிகிச்சை செய்யலாம் என்று சொன்னார்கள், மோனே ஒத்துக்கொள்ளவில்லை. மனைவி அலீஸ் முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். 1914-ல் மூத்த மகன் ழானும் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு அவரைக் கவனித்துக்கொண்டது ழானின் மனைவி பிளான்ஷ். அவர் அலீஸின் முதல் திருமணத்து மகளும்கூட.

அறுவை சிகிச்சைக்குப் பயந்ததைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைய புரை அறுவையில் கிருமித் தொற்றோ ரத்தக் கசிவோ வந்தால் இருக்கிற பார்வையும் போய்விடும். அவருக்குத் தெரிந்த ஓவியர் மேரி கசாட்டுக்குக் கண்ணில் செய்த அறுவைகள் பலன் தரவில்லை. புரை முற்றட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்களே, அன்றைய மருத்துவமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது.

இதற்கிடையில்தான் அவர் வாழ்க்கையின் மிகப்பெரிய வேலையைத் தொடங்கினார். இரண்டு மீட்டர் உயரக் கேன்வாஸ்களை வைத்து வரைய, முதல் உலகப் போர்க்காலத்தில் தோட்டத்திலேயே பெரிய கூடம் ஒன்று கட்டினார். 1918 நவம்பர் 11-ல் போர் நின்றது. மறுநாளே நண்பரும் அப்போதைய பிரதமருமான ஜார்ஜ் கிளமென்சோவுக்குக் கடிதம் எழுதி, வெற்றியின் நினைவாக இரண்டு ஓவியங்களை நாட்டுக்குத் தருவதாகச் சொன்னார். இரண்டு என்றது வளர்ந்து வளர்ந்து, 1922 ஏப்ரல் 12-ல் கையெழுத்தான கொடைப் பத்திரத்தில் ஒரு கட்டடத்தையே நிரப்பும் அளவுக்குப் பெருகியது. கொடுக்க வேண்டிய கெடு ஒரு பக்கம், இருண்டுகொண்டே வரும் கண் இன்னொரு பக்கம்.

அந்தக் காலத்தைப் பற்றி மோனே சொன்னவை பதிவாகியிருக்கின்றன. சிவப்புகள் சேறு கலந்தாற்போல் தெரிந்தன, நிறங்களின் பழைய வீரியம் போய்விட்டது என்றார். வண்ணக்குழாயில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்தும், வண்ணம் கலக்கும் பலகையில் எந்த நிறம் எங்கே இருக்கும் என்ற பழக்கத்தை நம்பியும் வேலை செய்தார். வெயில் ஏறினால் கூசும் என்பதால் அகலமான தொப்பி, நடுப்பகலில் ஓய்வு. அவர் பலகை ஏற்கெனவே எளிமையானது. 1905-ல் எழுதிய கடிதத்தில் ஈய வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மில்லியன், அடர் மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை என்று எண்ணி ஆறே ஆறு நிறங்களைச் சொல்கிறார். ஆறு குழாய்கள் என்றால் இடம் வைத்து நினைவில் நிறுத்தலாம். ஆனால் அவற்றைக் கலந்த பிறகு பிறக்கும் நூறு நிறத்துக்கு யார் பெயர் ஒட்டுவது?

பரிசோதனையும் அறுவையும்

1922 செப்டம்பரில் பாரிஸ் கண் மருத்துவர் ஷார்ல் குத்தேலா அவரைப் பார்த்தார். வலது கண்ணுக்கு வெளிச்சம் வருவது மட்டும் தெரிந்தது. இடது கண் பார்வை பத்தில் ஒரு பங்கு. நல்ல கண்ணுள்ளவர் அறுபது மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் ஆறு மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு இரண்டு மீட்டர் உயரக் கேன்வாஸில் வேலை செய்துகொண்டிருந்தார் மனிதர்.

குத்தேலா முதலில் இடது கண்ணுக்குக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து கொடுத்தார். மோனேக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு நன்றாகத் தெரிந்து ரொம்ப காலம் ஆகிறது என்று எழுதினார். இதிலிருந்து ஒரு விஷயம் புரிகிறது. அவருக்கு இருந்தது லென்ஸின் நடுப்பகுதி பழுத்துப் பழுப்பேறும் வகைப் புரை. கண்மணி விரிந்ததும் வெளிச்சம் கெட்டியான நடுவை விட்டு ஓரமாக உள்ளே நுழைந்திருக்கிறது. இந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

கிளமென்சோ அரசியலுக்கு வருவதற்கு முன் மருத்துவம் படித்தவர். அவர் விடாமல் நச்சரித்ததில், 1923 ஜனவரியில், 82 வயதில், மோனே வலது கண் அறுவைக்கு ஒத்துக்கொண்டார். பாரிஸை ஒட்டிய நுய்யி மருத்துவமனையில் இரண்டு கட்டமாக நடந்தது. முதலில் கருவிழியின் நிறப்படலத்தில் சிறு துண்டை வெட்டி வழி செய்தார்கள். சில வாரங்களில் லென்ஸை வெளியே எடுத்தார்கள். அறுத்த இடத்தில் தையல் கிடையாது. காயம் தானாக ஒட்டவேண்டும் என்பதற்காக இரண்டு கண்ணையும் கட்டி, தலையின் இருபக்கமும் மணல் மூட்டை அண்டக்கொடுத்து, அசையாமல் மல்லாந்து நாள்கணக்கில் படுக்க வைத்தார்கள். குமட்டல், வாந்தி, ஆத்திரம். கட்டைப் பிய்த்து எறியப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க வெளிச்சத்தையே தேடி அலைந்த ஆளை இருட்டில் கட்டிப்போட்டால் வேறென்ன செய்வார்?

லென்ஸை எடுத்தாலும் அதன் பின்பக்க உறை உள்ளேயே இருக்கும். அது மறுபடி மங்கியது. 1923 ஜூலையில் மூன்றாவது அறுவை, இந்த முறை ஜிவெர்னியிலேயே.

சோடாபுட்டிக் கண்ணாடி

கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பது 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி செய்து காட்டிய விஷயம். அதற்கு முன்னும் அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், புரை எடுத்தவர்களுக்குக் கிடைத்தது கனத்த கண்ணாடிதான். நம் ஊரிலும் கண் முகாமுக்குப் போய்விட்டு சோடாபுட்டிக் கண்ணாடியோடு திரும்பிய தாத்தா பாட்டிகளை இப்போது நடுவயதில் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். அதே கண்ணாடிதான் மோனேயின் மூக்கிலும் ஏறியது.

அதை மாட்டினால் பொருள்கள் கால் பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். நேர்கோடுகள் ஓரத்தில் வளையும். பக்கவாட்டில் வருபவர் திடீரென்று முளைத்தாற்போல் முன்னால் நிற்பார். மோனேக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒரு கண் அறுவை ஆனது, மறு கண் ஆகாதது. இரண்டின் பிம்பமும் வெவ்வேறு அளவு, மூளையால் ஒட்டவைக்க முடியாது. வழி ஒன்றுதான்: ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அவரைப் பைத்தியம் பிடிக்க வைத்தது நிறம். கடுந்தேநீர் நிறத்தில் இருந்த லென்ஸ் பல ஆண்டுகளாக நீலத்தையும் ஊதாவையும் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை எடுத்தவுடன் தடுக்கப்பட்டிருந்த குறுகிய அலைநீள ஒளி மொத்தமும் விழித்திரையில் வந்து விழுந்தது. எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்று புலம்பினார். அதற்குமுன் மஞ்சளாகத் தெரிகிறது என்றும் புலம்பியிருந்தார். 1924-ல் ழாக் மவாஸ் என்ற இன்னொரு கண் மருத்துவர் வந்தார். சாயம் ஏற்றிய கண்ணாடிகள், ஜெர்மன் ஸைஸ் நிறுவனத்தின் லென்ஸ்கள் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பழகப் பழக நிலைமை தேறியது. 1925 கோடையில், முன்னெப்போதையும்விட நன்றாக வேலை செய்கிறேன், நூறு வயது வரை வாழ்ந்தால் போதும் என்கிற பாணியில் கடிதம் எழுதும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது.

நிறம் உண்மையில் என்ன சொல்கிறது

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறோம். "மஞ்சளாகப் பார்த்தார், அதனால் மஞ்சளாக வரைந்தார்" என்பது எடுபடாத வாதம். ஸ்பெயினில் வாழ்ந்த பழைய ஓவியர் எல் கிரெக்கோவின் நீண்ட உருவங்களுக்கு அவர் கண்கோளாறுதான் காரணம் என்று சொன்னவர்களுக்குக் கிடைத்த அதே பதில்தான் இதற்கும். பழுப்பு லென்ஸ் வழியாகக் குளத்தைப் பார்க்கிறவர் கேன்வாஸையும் அதே லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறார். குளம் எப்படித் தெரிகிறதோ அப்படியே கேன்வாஸும் தெரியும்வரை நிறத்தைச் சரிசெய்தால், இரண்டிலும் ஒரே அளவு மஞ்சள் கழிந்து, நம் கண்ணுக்குச் சரியான நிறம்தான் வரவேண்டும்.

அப்படியானால் புரை ஒன்றுமே செய்யாதா? செய்யும், வேறு விதமாக. லென்ஸ் நீலத்தை விழுங்கிவிட்டால் அடர்நீலம், ஊதா, கரும்பச்சை, கறுப்பு எல்லாம் ஒரே இருட்டாகச் சேர்ந்துபோகும். எதைத் தொட்டு எடுத்தாலும் அவருக்கு ஒன்றுதான், நமக்குத்தான் வெவ்வேறு. அதாவது புரை ஒரு குறிப்பிட்ட நிறத்தை ஏற்றுவதைவிட, பிழையைக் கண்டுபிடிக்கும் திறனைப் பறித்துவிடுகிறது. தவிர, தன் கண்ணை நம்பாதவர் குழாய்ப் பெயரை நம்பி அளவுக்கு மீறி ஈடுகட்டுவதும் உண்டு.

இந்தக் கோணத்தில் 1918-க்கும் 1924-க்கும் இடைப்பட்ட ஜப்பானியப் பாலம் வரிசையைப் பார்க்கலாம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஒன்று, பாரிஸ் மர்மோத்தான் மோனே அருங்காட்சியகத்தில் பல. துரு, ரத்தச் சிவப்பு, கருகிய ஆரஞ்சு. சாயம் அடைஅடையாக ஏறிக் கிடக்கிறது. பாலம் அங்கே இருக்கிறது என்று சொன்னால்தான் அந்த வளைவு கண்ணில் படும். அமெரிக்கக் கண் மருத்துவர் மைக்கேல் மார்மர் 2006-ல், மோனேயின் புரை எந்த அளவில் இருந்திருக்கும் என்று கணித்து, கணினியில் அதே மங்கலையும் பழுப்பையும் இந்தப் படங்களின்மேல் ஏற்றிப் பார்த்தார். அப்படிப் பார்த்தபோது, சிவப்பு மேலோங்கிய படமும் நீலப்பச்சை மேலோங்கிய படமும் ஏறக்குறைய ஒரே இருண்ட பழுப்பாகிவிட்டன. வரைகிற நேரத்தில் மோனேக்கே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. இதுதான் கனமான சான்று என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் இங்கேயும் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1899-ல் வெறுமையாக இருந்த பாலத்தின்மேல் பின்னர் பந்தல் அமைத்து விஸ்டேரியா கொடி ஏற்றிவிட்டார்கள். பாலத்தின் உருவம் நிஜத்திலேயே கொடிக்குள் புதைந்துபோனது. அதோடு இந்தக் கடைசிக் காலப் படங்கள் பெரும்பாலும் கையெழுத்தோ தேதியோ இல்லாமல் கூடத்தில் கிடந்தவை. எது அறுவைக்கு முன், எது பின் என்று நாம் ஊகிக்கத்தான் வேண்டும். அந்த ஊகத்தையே படத்தின் நிறத்தை வைத்துச் செய்துவிட்டு, அப்புறம் அதே நிறத்தை நோய்க்குச் சான்றாகக் காட்டினால் வாதம் தன் வாலைத் தானே கடிக்கிறது. இந்தப் பொருளில் எழுதப்படுவதில் பாதி இந்தத் தப்பைத்தான் செய்கிறது.

ஒராஞ்சரி

எதிர்ச்சான்று பாரிஸில் ஒராஞ்சரி அருங்காட்சியகச் சுவரில் ஒட்டியிருக்கிறது. நாட்டுக்குக் கொடுத்த அந்தப் பேரோவியம்: இரண்டு நீள்வட்ட அறைகள், எட்டு அமைப்புகள், 22 பலகங்கள், இரண்டு மீட்டர் உயரம், மொத்த நீளம் தொண்ணூறு மீட்டருக்கும் மேல். புரை மிக மோசமாக இருந்த ஆண்டுகளிலும் அவர் இதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் பாலம் வரிசையின் துரு நிறம் இங்கே தலைகாட்டவில்லை. காலைப் பலகங்களில் நீலமும் ஊதாவும் அவ்வளவு நுட்பமாகப் பிரிந்து நிற்கின்றன.

காரணம் ஒன்றல்ல. பெரும்பகுதியைக் கண் இன்னும் ஓரளவு உதவிய காலத்திலேயே வரைந்துவிட்டார். கண் மோசமானபோது தொட்டுக் கெடுத்துவிடாதே என்று கிளமென்சோ மன்றாடினார். அறுவைக்குப் பிறகு புதுக் கண்ணோடு உட்கார்ந்து திருத்தினார், பிடிக்காத சில கேன்வாஸ்களை அழித்தும்விட்டார். அகலமான தூரிகை வீச்சுக்குக்கூட நோயைத் தேட வேண்டாம். சுவர் அளவுக்கு வரையும்போது, எட்டி நின்று பார்ப்பவருக்காக வரைகிற எவரும் அப்படித்தான் வீசுவார். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு: சுகமான கண் திரும்பிய பிறகு அவர் 1899-ம் ஆண்டுப் பாணிக்குப் போகவில்லை. நிறத்தைத் திருத்தினார், கரையைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. மங்கல் நோயால் வந்ததாக இருந்திருந்தால் நோயோடு போயிருக்க வேண்டும் அல்லவா?

1925 தொடக்கத்தில் கொடையையே ரத்து செய்கிறேன் என்று மோனே கிளம்ப, கிளமென்சோ கோபமாகக் கடிதம் எழுதி அடக்கினார். கடைசிவரை ஓவியங்களைக் கையைவிட்டுத் தரவில்லை. 1926 டிசம்பர் 5-ல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தபின்தான் அவை ஜிவெர்னியை விட்டுக் கிளம்பின. 1927 மே 17-ல் அறைகள் திறக்கப்பட்டன. 1960-களில் மேலே ஒரு தளம் கட்டி, கூரைவழி வந்த பகல் வெளிச்சத்தை அடைத்தார்கள். 2006-ல் புதுப்பித்துத் திறந்தபோதுதான் வெளிச்சம் திரும்ப வந்தது. இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளில் மின்விளக்கில் பார்த்துவிட்டு மோனேயின் நிறத்தைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர்களின் கூற்றை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன்.

என் கணக்கில் புரையின் பொறுப்பில் வருபவை: கடைசிக் காலப் பாலம் வரிசை, அதே ஆண்டுகளின் ரோஜாப் பாதை, ரோஜாத் தோட்டத்திலிருந்து வீட்டைப் பார்க்கும் சில படங்கள். கடைசியாகச் சொன்னவற்றில் சில செம்பழுப்பு, சில நீலம். ஒரே காட்சியை இரு வேறு கண்ணால் பார்த்ததுபோல் இருக்கிறது, அப்படித்தான் நடந்திருக்கவும் கூடும். மற்ற அல்லிக்குளங்களை நோயின் கணக்கில் எழுத எனக்குச் சான்று போதவில்லை.

இடது கண்ணுக்கும் அறுவை செய்துவிடலாம் என்று குத்தேலாவும் கிளமென்சோவும் கேட்டுப் பார்த்தார்கள். இரண்டு கண்ணும் ஒரே நிலைக்கு வந்தால் பிம்பங்கள் பொருந்தும் என்பது மருத்துவத்தின்படி சரியான ஆலோசனைதான். மோனே ஒரு நிபந்தனை போட்டார்: புரை எடுத்துக்கொண்ட ஓர் ஓவியர், யாராக இருந்தாலும் சரி, முன்பு பார்த்த அதே நிறங்களை இப்போதும் பார்க்கிறேன் என்று என்னிடம் வந்து சொல்லட்டும், அதுவரை தொட விடமாட்டேன். இடது கண் கடைசிவரை புரையோடேயே இருந்தது.